விசேஷத்துக்கு முன் துடைப்பம்

கடந்த மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரடியூர் வீட்டுக்கு 62 பேர் சாப்பிட வந்தார்கள். எனக்கும் என் மனைவிக்கும் 1975-ல் கல்யாணம். 50 வருடம் நிறைந்ததைக் கொண்டாடியே தீருவோம் என்று பிள்ளைகள் ஒரே பிடியாக நின்றார்கள். புதுச்சேரியில் ஒரு மண்டபம் பிடித்துவிடலாம் என்றேன். "மலை வீடு இருக்கும்போது மண்டபம் எதுக்குப்பா?" என்று மகன் கேட்டான். மனைவியும் மருமகளும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். மூன்று பேர் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால், ஓய்வு பெற்ற குமாஸ்தாவின் குறிப்புக்கு என்ன மதிப்பு?

அந்த விசேஷத்துக்கு முந்தைய ஐந்து நாட்களில் எனக்குத் தோன்றிய ஒரு கருத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டுக்குக் கூட்டம் வரப்போகிறது என்றால், வீட்டுக்காரன் தன் கையில் துடைப்பத்தையும் களைக்கொத்தையும் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஆள் வைத்து முடித்துவிடக் கூடாது. இதைக் கேட்டதும் சிலர் "செலவு மிச்சம்" என்பார்கள், சிலர் "உடற்பயிற்சி" என்பார்கள். நான் சொல்ல வருவது வேறு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். கரடியூர் வரை வருகிறவர்கள் அவர்களில் குறைவு. சுற்றிலும் காப்பித் தோட்டங்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் 1820-களில் இந்த மலைக்குக் கொண்டுவந்த செடி அது. காப்பிக்கு நிழலாக சில்வர் ஓக் மரங்கள், அந்த மரங்களின் மேல் மிளகுக் கொடிகள். எங்களுக்கு 40 சென்ட் நிலமும் ஒரு பழைய ஓட்டு வீடும் இருக்கின்றன. வீட்டின் முன்னால், முந்தைய உரிமையாளர் காப்பி காயவைக்கக் கட்டிய ஒரு சிமெண்ட் களம். காப்பிப் பழம் பறிப்பது பனிக்காலத்தில் என்பதால் மே மாதம் களம் சும்மா கிடக்கும். பந்தல் போட வேறு சமதளம் எங்களிடம் இல்லை. ஆகவே விசேஷம் களத்தில்தான் என்று முடிவாயிற்று.

களம் இருந்த நிலையைச் சொன்னால் வெட்கம். சில்வர் ஓக் இலை பெரணி இலை மாதிரி பிளவுபட்டிருக்கும்; மேலே பச்சை, அடியில் வெள்ளி.  அது கணுக்கால் அளவுக்குக் குவிந்திருந்தது. சிமெண்ட் வெடிப்புகளில் கோரையும் குப்பைமேனியும் முளைத்திருந்தன. கிணற்றடிப் பக்கம் பாசி. வேலி ஓரம் உண்ணிச்செடி கையை நீட்டிக்கொண்டு நின்றது.

"சேலத்திலேருந்து நாலு ஆளைக் கூட்டிட்டு வந்தா அரை நாள்ல முடிஞ்சிடும்ப்பா" என்றான் மகன். சரி என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த வாரம் எனக்கு ராத்திரியில் தூக்கம் வரவில்லை. கோடை மழை பிடித்துக்கொண்டால் பந்தல் என்ன ஆகும்? ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் மாதம் ஆயிற்றே, வேன்கள் வளைவுகளில் மாட்டிக்கொண்டால்? சமையல்காரர் கடைசி நேரத்தில் வரவில்லையென்றால்? 62 பேருக்குத் தண்ணீர் போதுமா? இப்படி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருப்பேன். ஆனால் இவையெல்லாம் மேலாகச் சொல்லிக்கொண்ட காரணங்கள். உள்ளே இருந்த காரணம் ஒன்றுதான். என் தம்பி வருகிறான்.

அவனுக்கும் எனக்கும் 11 வருடமாகப் பேச்சில்லை. அவன் 1980-களில் கல்யாணமாகி பிரான்ஸ் போய் பாரீஸ் பக்கத்தில் குடியேறியவன். புதுச்சேரியில் இது பழகிப்போன கதை. 2013-ல் அம்மா காலமானாள். தெருவைப் பார்த்துத் திண்ணையும் உள்ளே முற்றமும் இருந்த எங்கள் வீட்டை விற்க வேண்டும் என்றேன் நான். "அம்மா இருந்த வீடு, இருக்கட்டும்" என்றான் அவன். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவன் நான் என்ற திமிர் எனக்கு. அம்மாவின் வருஷ திதி முடிவதற்குள் தம்பிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். வீடு விற்றது. என் பங்குப் பணத்தில்தான் 2015-ல் இந்த 40 சென்ட்டை வாங்கினேன். நான் கூட்டப்போகிற களம், ஒரு வகையில், அம்மாவின் முற்றத்தை விற்று வாங்கியது. அதைப் பார்க்கத்தான் அவன் வருகிறான். என் மருமகள் எனக்குத் தெரியாமல் அழைத்திருக்கிறாள். அவனும் வருகிறேன் என்று சொல்லிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை நான்கரைக்கு விழித்துவிட்டேன். படுத்துக்கிடந்து பிரயோஜனமில்லை என்று எழுந்து, மூலையில் இருந்த ஈர்க்குத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். பனிமூட்டத்தில் எதிரே இருந்த மரம்கூடத் தெரியவில்லை. கால் தெரிந்தது, காலுக்கு முன்னால் இரண்டடி தெரிந்தது. அந்த இரண்டடியைக் கூட்டினேன். பிறகு அடுத்த இரண்டடி. வெளிச்சம் வந்தபோது களத்தில் கால்வாசி சிமெண்ட் தெரிந்தது. அன்று பகல் முழுவதும் மழையைப் பற்றி நான் நினைக்கவில்லை.

புதன்கிழமை கோரைப் புல். பக்கத்தில் குடியிருக்கிற ஓர் அம்மா காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கவும் களை எடுக்கவும் போகிறவர். நான் குனிந்து புல்லைப் பிடுங்குவதை வேலிக்கு அப்பால் நின்று சிறிது நேரம் பார்த்தார். "ஐயா, மேலாக்க கிள்ளினா நாலே நாள்ல திரும்பி வந்துருமுங்க. அடியில கிழங்கு இருக்குது, கொத்து போட்டு எடுங்க" என்றார். உண்மைதான். கோரைக்கு மண்ணுக்குள் சின்னச் சின்னக் கிழங்குகள் நூல் கோத்த மாதிரி இருக்கின்றன. வெடிப்புக்குள் களைக்கொத்தின் முனையை விட்டு நெம்பினால் ஒவ்வொன்றாக வரும். அவசரப்பட்டால் நூல் அறுந்து கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். இரண்டு மணி நேரத்தில் ஒரு சின்னக் கூடை நிறைந்தது.

வியாழக்கிழமை பிளீச்சிங் பவுடரும் தேங்காய் நாரும் வைத்துப் பாசி தேய்த்தேன். வெள்ளிக்கிழமை மழைத் தண்ணீர் ஓடுகிற கால்வாயில் அடைத்திருந்த மண்ணை மண்வெட்டியால் வாரிப் போட்டேன். உண்ணிச்செடியை வெட்டும் வேலையையும் இரண்டு மரங்களில் கிளை கழிக்கும் வேலையையும் மட்டும் கூலி கொடுத்து ஆளிடம் விட்டேன். 74 வயதில் அரிவாளோடு ஏணி ஏறுவது விவேகமில்லை. தவிர, எல்லாவற்றையும் நானே செய்கிறேன் என்று நின்றால், அந்த வேலையை நம்பியிருக்கிற ஒருவரின் ஒரு நாள் கூலியில் நான் கைவைத்ததாகும்.

ஏன் மனசு அடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். விசேஷம் என்பது முழுக்க மற்றவர்கள் கையில் இருக்கிற விஷயம். வானம், வண்டி, சமையல்காரர், உறவுக்காரர்களின் மனநிலை, எதுவும் நம் சொல் கேட்காது. களம் மட்டும் கேட்கும். ஒரு முறை கூட்டினால் ஒரு முறை கூட்டிய அளவுக்குச் சுத்தமாகும். 38 வருடம் நான் அரசாங்கத்தில் எழுதிய குறிப்புகள் மேசைக்கு மேசை போயின. அவற்றில் பெரும்பாலானவற்றின் முடிவு எனக்குத் தெரியாது. துடைப்பத்தின் வேலைக்கு முடிவு உண்டு, அது கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, முதுகு. குனிந்து வேலை செய்யும்போது முதுகு தன் வேகத்தை விதித்துவிடுகிறது. அதற்கு மேல் மனசும் ஓட முடிவதில்லை.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது எனக்குப் பதினோரு வயது. அதற்குப் பிறகும் கலவைக் கல்லூரியில் பிரெஞ்சிலேயே படிப்பைத் தொடர்ந்தேன். அங்கே வொல்தேர் 1759-ல் வெளியிட்ட 'கான்தீத்' கதையைப் படிக்க வைத்தார்கள். அதன் நாயகன் போர், கப்பல் சேதம், லிஸ்பன் பூகம்பம் என்று உலகத்துத் துன்பத்தையெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் கான்ஸ்டான்டிநோபிள் பக்கத்தில் ஒரு சின்னத் தோட்டத்தில் வந்து நிற்பான். உடனிருக்கும் தத்துவவாதி இன்னும் வாதம் பண்ணிக்கொண்டிருப்பார். இவன் தோட்ட வேலையைப் பார்க்கலாம் என்பான். பரீட்சையில் அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அப்போது என் கை மண்ணைத் தொட்டதே கிடையாது. எங்கள் வீட்டு முற்றத்தைத் தினமும் கூட்டியது அம்மா.

வெள்ளிக்கிழமை இரவு சாப்பிடும்போது இதையெல்லாம் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். களம் கூட்டுவது ஒரு தியானம் மாதிரி இருக்கிறது என்றேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"அம்பது வருஷமா நான் வாசல் தெளிச்சுப் பெருக்குறேங்க. இதுவரைக்கும் யாரும் அதைத் தியானம்னு சொல்லலை. நீங்க நாலு நாள் பெருக்கினதும் தியானம் ஆயிடுச்சா?"

எனக்குப் பதில் வரவில்லை. மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மனைவி விடவில்லை. "விசேஷம் வந்தா எங்களுக்கு வேலை மூணு மடங்கு. அன்னைக்கு வாசலைப் பெருக்குறப்ப மனசு அமைதியா இருக்கும்னா நினைக்கிறீங்க? அடுப்புல பால் பொங்குதா, வந்தவங்களுக்குக் காப்பி போச்சா, இதுதான் ஓடும்" என்றாள்.

அன்று இரவும் தூக்கம் வரவில்லை. ஆனால் இந்த முறை வேறு காரணம். அவள் சொன்னது முழுக்கச் சரி. பிடித்தபோது தொடங்கி, முதுகு வலித்தால் நிறுத்தி, நடுவில் ஒரு காப்பி குடிக்க முடிகிறவனுக்குத்தான் அந்த அமைதி கிடைக்கிறது. தினமும் செய்தே ஆக வேண்டும், செய்யாவிட்டால் பேச்சுக் கேட்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு அது வேலை மட்டுமே. வேலிக்கு அப்பால் இருக்கிற அம்மாவுக்கும் அப்படித்தான். அவருக்குக் களைக்கொத்து வயிற்றுப் பாடு. தோட்ட வேலை மனசுக்கு நல்லது என்று எழுதுகிற என்னைப் போன்றவர்கள் இதை மறந்துவிடுகிறோம்.

அப்போதுதான் திருவதிகை ஞாபகம் வந்தது. பண்ருட்டிக்குப் பக்கத்தில், கெடில நதியோரத்தில் இருக்கிற வீரட்டானேசுவரர் கோயில். சின்ன வயதில் அம்மா என்னையும் தம்பியையும் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் கூட்டிப் போவாள். வொல்தேரைப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது. அப்பரை அம்மா சொல்லிக்கொடுத்தாள். ஏழாம் நூற்றாண்டின் திருநாவுக்கரசரை எந்தச் சிலையில் பார்த்தாலும் அவர் தோளில் அல்லது கையில் ஓர் உழவாரம் இருக்கும். கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்குகிற கருவி. அவ்வளவு பெரிய புலவர், ஊர் ஊராகப் போய்க் கோயில் முற்றத்தில் புல் செதுக்கினார். இன்றும் திருவிழாவுக்கும் கும்பாபிஷேகத்துக்கும் முன்னால் அடியார் கூட்டங்கள் வந்து கோயிலைச் சுத்தம் செய்வதை உழவாரப் பணி என்றுதான் சொல்கிறோம். திருப்புகலூரில் அவர் புல் செதுக்கியபோது மண்ணில் பொன்னும் மணியும் கிடந்ததாகவும், அவற்றையும் கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்ததாகவும் பெரியபுராணம் சொல்கிறது. அமைதிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தக் கதையில் அம்மா அழுத்திச் சொன்ன பகுதி வேறு. அப்பருக்கு முன்னால் அவருடைய அக்கா திலகவதியார். தம்பி சமண மடத்தில் பெரிய பெயர் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அக்கா திருவதிகைக் கோயிலைக் கூட்டி மெழுகிக்கொண்டிருந்தார். சூலை நோயில் துடித்துத் தம்பி திரும்பி வந்தபோது, விடியற்காலையில் துடைப்பமும் சாணமும் தண்ணீர்க் குடமும் எடுத்துக்கொண்டு வழக்கமான வேலைக்குக் கிளம்பிய அக்கா, அப்படியே தம்பியையும் கோயிலுக்குள் கூட்டிப் போனார். அப்பரின் உழவாரம் ஊர் ஊருக்குச் சிலையில் இருக்கிறது. அவருக்கு முன்னால் அந்த முற்றத்தைக் கூட்டிய அக்காவின் துடைப்பத்தை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான் என்று அன்று இரவு எனக்குப் புரிந்தது. அம்மா கூட்டினாள், பிறகு மனைவி கூட்டினாள். நான் நான்கு நாள் கூட்டிவிட்டு அதற்குத் தத்துவம் எழுதுகிறேன்.

சனிக்கிழமை விடியற்காலை மீண்டும் களத்துக்குப் போனேன். கூட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ராத்திரி உதிர்ந்த இலைகள்தான். 11 வருடமாகத் தம்பியிடம் சொல்ல நான் மனசுக்குள் ஒரு ஃபைலே வைத்திருந்தேன். அவன் சொல்லப்போவதற்குப் பதில், அதற்கு அவன் பதில், அதற்கு என் பதில் என்று பக்கம் பக்கமாக. அன்று கூட்டிக்கொண்டே அதைத் திறந்து பார்த்தேன். அம்மாவைப் பார்த்துக்கொண்டவன் நான் என்பதுதான் அதில் முதல் பக்கம். அம்மாவைப் பார்த்துக்கொண்டது நானில்லை. கடைசி வருடங்களில் அவளைக் குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, படுக்கையை மாற்றியது எல்லாம் என் மனைவி. முதல் பக்கமே பொய் என்றால் மீதியைப் படிப்பதில் என்ன இருக்கிறது? கோரைக் கிழங்கைப் போட்டுவைத்த கூடையை எடுத்துப்போய் அடுப்படிக்குப் பின்னால் தீயில் கொட்டினேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மனைவியை எழுப்பாமல், நானே காப்பி போட்டேன்.

எனவே என் கருத்தைக் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன். விசேஷத்துக்கு முன் வாசலையும் களத்தையும் நாமே சுத்தம் செய்வது மனசை அடக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் துடைப்பம் அதுவரை யார் கையில் இருந்தது என்று பார்த்து, அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டு ஆண்கள் வாடகை நாற்காலி எண்ணுவதையும் போனில் அதட்டுவதையும் விட்டுவிட்டு, ஒரு வாரம் முன்பே களத்தில் இறங்கட்டும். ஒரு மூலையை எடுத்துக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் போதும். கஷ்டமான, ஆபத்தான வேலைக்கு உரிய கூலி கொடுத்து ஆள் வைக்கலாம். விசேஷ நாளில் மனைவியோ அம்மாவோ குளித்துவிட்டு நாற்காலியில் உட்காரும்படி இருந்தால், அந்த வீட்டில் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை மழை வரவில்லை. ஒரு வேன் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தது. சமையல்காரர் பாயசத்தில் சர்க்கரை அதிகம் போட்டுவிட்டார். தம்பி பதினோரு மணிக்கு வந்தான். முடி முழுக்க நரைத்திருந்தது. களத்தில் காலை வைப்பதற்கு முன்னால் செருப்பைக் கழற்றினான். மற்றவர்கள் யாரும் கழற்றவில்லை. அம்மாவின் முற்றத்தில் நாங்கள் அப்படித்தான் பழகியிருந்தோம். "நல்லா இருக்கியா அண்ணே" என்றான். "வா" என்றேன். அதற்கு மேல் அன்று இருவரும் பேசவில்லை. கூட்டத்தில் அதற்கு இடமும் இல்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து வெளியே வந்தேன். களம் முழுக்கக் காகிதத் தம்ளரும் வாழை இலைத் துண்டும் சில்வர் ஓக் சருகும். தம்பி ஏற்கெனவே ஒரு துடைப்பத்தோடு கிணற்றடிப் பக்கத்தில் தொடங்கியிருந்தான். நான் இன்னொன்றை எடுத்துக்கொண்டு எதிர்ப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். நடுவில் சந்தித்தபோது, "அந்த நோட்டீஸ் நான் அனுப்பியிருக்கக் கூடாதுடா" என்றேன். அவன் துடைப்பத்தைத் தரையில் தட்டிச் சமன்செய்துகொண்டு, "இந்த இலையில ஒரு பக்கம் வெள்ளியா இருக்குதே, என்ன மரம்?" என்று கேட்டான். சொன்னேன். ஒரு புது இலையைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த மனைவி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அந்த வடக்கு மூலையை விட்டுட்டீங்க."

போய்க் கூட்டினோம்.